முயல் கொடுத்த சொட்டு

"கையா உசுரான்னு கேட்டா எவனாவது கைன்னு சொல்லுவானா பாவா? நீ ஒருத்தன்தான்—"

"நான் கைன்னும் சொல்லல, உசுருன்னும் சொல்லல. ரிப்போர்ட்டு வரட்டும்னு—"

"ரிப்போர்ட்டு, ரிப்போர்ட்டு! அதுல இன்னா வரப்போவுதுன்னு—"

"வந்தப்புறம் பேசலாம்ன்றேன். அதுக்குள்ள உங்க அண்ணன் யாரு, ஆஸ்பத்திரியில கட்டில் சொல்லி வெக்கிறதுக்கு?"

"வந்தப்புறம் மட்டும் வெட்டிக்குவியா? மலையைப் பாத்து சொல்லு."

"வெட்டிக்க மாட்டேன்."

"பாத்தியா! பாத்தியா!"

பிரபாவதி அரிசி களைந்துகொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே தரையில் வைத்தாள். தண்ணீர் சிந்தியது. கோதண்டம் கட்டுப்போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

அவன் திருத்தணி மலைக்கோயிலில் மொட்டை அடிக்கிறவன். அவன் அப்பா அடித்த மண்டபத்திலேயே அவனும் அடிக்கிறான். வருஷ ஆரம்பத்தில் வலது கையில், நடு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் உள்ள சதையில் ஒரு கொப்புளம் வந்தது. தண்ணீரிலேயே கிடக்கிற கைதானே என்று மஞ்சள் வைத்தான். அது ஆறவில்லை, கெட்டியாயிற்று. பக்கத்தில் உள்ளங்கையை நோக்கி இன்னொரு முடிச்சு எழும்பியது. ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். பார்க்கச் சாதாரண வீக்கம் மாதிரியும் இருக்கிறது, கையில் வரும் ஒரு அபூர்வமான புற்றுநோய் மாதிரியும் இருக்கிறது, இன்னொரு பரிசோதனை செய்தால்தான் நிச்சயம் என்று அங்கிருந்து பதில் வந்தது. அது புற்றுநோய்தான் என்றால் முடிச்சை மட்டும் எடுத்துப் பயனில்லை, திரும்ப வரும், மணிக்கட்டோடு கையை எடுக்க வேண்டியிருக்கும் என்று சர்ஜன் சொல்லிவிட்டார்.

அதிலிருந்து வீட்டில் இதே பேச்சு.

"ரிப்போர்ட்டு வரலைன்னு நீதான் சொல்லிக்கினு கீற," என்றாள் பிரபாவதி. குரல் தணிந்திருந்தது. "எனக்கு வந்தாச்சு."

"இன்னாது?"

"ஜெபாக்கா நேத்தே பாத்துட்டாங்க. நீலமாம்."

"இன்னா நீலம்?"

"நீலம்னா கெட்டதாம். பழுப்பா வந்தா நல்லதாம். உனுக்கு நீலமா வந்துகீது."

கோதண்டம் திரும்பிப் பார்த்தான். "நேத்தே தெரிஞ்சுகினா எங்கிட்ட சொல்லாம இருந்த?"

"நேத்து ராத்திரி நீ சாப்ட்டு படுத்துட்ட. ஒரு நாளாவது தூங்கட்டும்னு வுட்டேன்."

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு ஜெபசெல்வி, சாப்பாட்டுப் பையும் கையுமாக, ரயிலில் வந்து இறங்கிய அலுப்போடு நின்றாள். சென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். திசுவை மெல்லியதாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றும் வேலை. தினமும் காலை ரயிலில் போய் சாயங்கால ரயிலில் திரும்புகிறவள். கோதண்டத்தின் சதையை அங்கேயே அனுப்பச் சொன்னதும் அவள்தான். தெரிந்த இடமாக இருக்கட்டுமே என்று.

"தெரு முனை வரைக்கும் கேக்குது," என்றாள். "சொல்லிட்டியா பிரபா?"

"சொல்லிட்டேங்க்கா."

"நான் உங்கிட்ட சொல்லியிருக்கவே கூடாது. ஸ்டேஷன்ல வந்து என் மூஞ்சியையே பாத்துக்கினு நின்ன. வாய்ல வந்துடுச்சு."

"வாய்ல வந்தது வந்துடுச்சு," என்றான் கோதண்டம். "எனுக்கும் சொல்லுங்க. நீலம்னா இன்னா? வெட்டிக்கப் போறவன் நான்தானே? தெரிஞ்சுக்கினு வெட்டிக்கிறேன்."

ஜெபசெல்வி கீழே உட்கார்ந்தாள். பிரபாவதி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு யோசித்தாள், எங்கே ஆரம்பிப்பது என்று.

"உன் உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நூல் மாதிரி ஒண்ணு சுருட்டி வெச்சிருக்குது கோதண்டம். கண்ணு எப்படி இருக்கணும், ரத்தம் எப்படி ஊறணும், எல்லாம் அதுலதான் எழுதியிருக்குது. சுருட்டினபடியே இருந்தா படிக்க முடியாது. வேணும்ன்ற இடத்துல பிரிச்சுக் குடுக்கணும், படிச்சதும் திரும்ப சுருட்டணும். அதுக்குன்னு ஒரு கூட்டம் புரதம் வேலை செய்யுது. அதுல ஒண்ணுக்குப் பேரு ஐ.என்.ஐ. ஒன்."

"தறிக்கு நூல் சுத்திக் குடுக்கிற மாதிரி," என்றாள் பிரபாவதி. பொதட்டூர்பேட்டையில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் எதிர்வீட்டுத் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்தவள்.

"ஆங், அதேதான்."

"சுத்துறவ ஒருநாள் வரலைன்னா அவ்ளோதான். எல்லாம் சிக்கு."

"அதான் ஆவுது. அந்தப் புரதம் இல்லாமப் போன செல்லு, எப்ப நிக்கணும்னு தெரியாம பெருகிக்கினே போவும். உன் கையில இருக்கிறது அந்த மாதிரி கட்டியான்னு பாக்கத்தான் இந்த டெஸ்ட்டு."

"கண்ணுக்குத் தெரியாத புரதம் இருக்குதா இல்லையான்னு எப்டி பாப்பீங்க?"

"முயலை வெச்சு."

கோதண்டம் அவளையே பார்த்தான். கேலி செய்கிறாளா என்று.

"நெசமா. மனுஷனோட அந்தப் புரதத்தை முயலுக்கு ஊசியில போடுவாங்க. முயலு உடம்புக்கு ஒரே கோவம். யார்றா நீ, நம்ம ஆளு இல்லையேன்னு அதைத் தேடிப் புடிக்கிறதுக்குன்னே ரத்தத்துல ஒண்ணைத் தயார் பண்ணும். அதுக்குப் பேரு ஆன்டிபாடி. அதை எடுத்து சுத்தம் பண்ணி சின்ன பாட்டில்ல ஐஸ் போட்டு அனுப்புவாங்க. உன் சதை மேல நான் ஒரு சொட்டு வுடுவேன். புரதம் எங்க இருக்குதோ அங்க போய் ஒட்டிக்கும். அப்பால சாயம் வுட்டா, ஒட்டின இடமெல்லாம் பழுப்பாவும். ஒட்டாத இடம் நீலமாவே நிக்கும்."

"என்னுது நின்னுடுச்சு."

ஜெபசெல்வி தலையாட்டினாள்.

"டெஸ்ட்டு தப்பாப் போயிருக்குமோ?"

"அதுக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு கண்ணாடியிலயும் ஓரமா வேற யாரோட நல்ல சதையோ ஒரு துண்டு வெப்போம். அது பழுப்பாச்சுன்னா மருந்து வேலை செஞ்சுதுன்னு அர்த்தம். அது அழகா பழுப்பாச்சு கோதண்டம். உன்னுதுதான்…"

"அப்ப முயலு பொய் சொல்லல."

"அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

ஜெபசெல்வி சொம்பைக் கீழே வைத்தாள். பிரபாவதிதான் ஆரம்பித்தாள்.

"இடது கையால ஒரு டீக்கடை வெச்சுக்கலாம் பாவா. கே.ஜி.கண்டிகை பஸ் ஸ்டாண்டுல."

"ஒத்தக் கையால டீ ஆத்த முடியுமாடி? வாடிக்கை மூஞ்சியிலதான் ஆத்தணும்."

"நான் ஆத்துறேன். நீ உக்காந்து துட்டு வாங்கு."

"பிரபா, உனுக்குப் புரியல. இந்தக் கிருத்திகைக்குக் கட்டு போட்டுக்கினு வீட்ல உக்காந்துருந்தேன் பாரு, அந்த மூணு நாளும் காவடிச் சத்தம் கேக்குது, கையி தானா ஆடுது. கொழந்தைய மடியில வெச்சுக்கினு அம்மாக்காரி அழுவா. கொழந்தை அதுக்கு மேல அழுவும். இடது கையால தலையைப் புடிப்பேன். அந்த உச்சிக்குழி மெத்துன்னு துடிக்கும். அது மேல கத்தி போறதுக்கு இந்தக் கைதான் எனுக்கு தைரியம். கத்தி புடிச்ச கையி. இது போச்சுன்னா நான் யாருன்னே—"

"நீ என் வூட்டுக்காரன்," என்றாள் பிரபாவதி. "அது போதாதா? எனுக்கு உன் கை வாணாம் பாவா. நீ இரு."

கோதண்டம் கட்டைப் பார்த்தான். இடது கையால் அதை மெதுவாகத் தடவினான், வேறு யாருடைய கையோ மாதிரி.

"சரி. ரிப்போர்ட்டு கையில வந்ததும் உங்க அண்ணனுக்குப் போன் பண்ணு. போலாம்."

பிரபாவதி கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் அவள்தான் அழுதாள்.

●

"ஜெபா, இந்தத் திருத்தணி கேஸ் நீதானே பண்ணினது?"

"ஆமா டாக்டர்."

"உட்காரு. நீயே பாரு."

டாக்டர் தமிழ்செல்வி மைக்ராஸ்கோப்பிலிருந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இடம் கொடுத்தாள். அந்தக் கூடத்தில் நோயாளியை யாரும் பார்ப்பதில்லை. பெயரும் வயதும் எழுதிய கண்ணாடித் துண்டுகள்தான் வரும். தமிழ்செல்வி அவற்றைப் பார்த்து எழுதிக் கொடுப்பதை வைத்து எங்கோ யாரோ கத்தியை எடுப்பார்கள், அல்லது கீழே வைப்பார்கள்.

"என்ன தெரியுது?"

"நீலம் டாக்டர். புரதம் இல்லை."

"எங்க இல்லை?"

"கட்டி செல்லுல."

"கட்டியை விடு. கொஞ்சம் இடது பக்கம் தள்ளு. அங்க ஒரு ரத்தக்குழாய் இருக்கா?"

"இருக்கு டாக்டர்."

"அதோட சுவர்?"

ஜெபசெல்வி கண்ணாடியை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

"என்னம்மா, சொல்லு."

"நீலம்."

"அதைச் சுத்தி வெள்ளையணு இருக்கே, அது?"

"அதுவும் நீலம்தான் டாக்டர்."

"அப்போ இந்த மனுஷனுக்கு ரத்தக்குழாயில இல்ல, ரத்தத்துல இல்ல, எங்கயுமே இந்தப் புரதம் இல்லைன்னு எழுதிடலாமா? இது இல்லாம ஒருத்தர் அம்மா வயித்துலயே உருவாகியிருக்க மாட்டாரே. முப்பது வயசு வரைக்கும் எப்படி இருந்தார்?"

"ஓரத்துல வெச்ச துண்டு நல்லா வந்துதே டாக்டர். அதைப் பாத்துட்டுத்தான் நான்…"

"அந்தத் துண்டு நம்ம கையில வளர்ந்த பிள்ளை. நேரத்துக்கு ஃபார்மலின்ல போட்டு நேரத்துக்கு எடுத்தது. அது நல்லாத்தான் வரும். இவரோட சதைக்குள்ளயே இருக்கிற நல்ல செல்லு பழுப்பாகணும். அதுதான் நம்பிக்கையான சாட்சி. இது உனக்குத் தெரியாததா?"

தெரிந்ததுதான். வேறு எந்தப் பெயராக இருந்திருந்தாலும் ஜெபசெல்வி ரத்தக்குழாயைத்தான் முதலில் தேடியிருப்பாள். கோதண்டம் என்ற பெயரைப் பார்த்ததும் கண் நேராகக் கட்டிக்குப் போய்விட்டது. அங்கே நீலத்தைப் பார்த்ததும் வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை.

"சதை எத்தனை நாள் பாட்டில்ல இருந்தது? அந்த ஊர்ல இருந்து வர ஒரு நாள் ஆகுமா?"

"ஒரு நாள் கூட ஆகாது டாக்டர். ஆனா…" ஜெபசெல்வி நிமிர்ந்தாள். "ஆடிக் கிருத்திகை டாக்டர்!"

"அதுக்கென்ன?"

"கிருத்திகைக்கு மொத நாள்தான் சதை எடுத்தாங்க. அன்னிக்கு சாயங்காலத்துல இருந்து ஊருக்குள்ள வண்டி வராது. காவடி, தெப்பம், எல்லாம் முடிஞ்சு கூட்டம் வடியணும். கூரியர்க்காரன் அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமையும் தாண்டித்தான் வந்திருப்பான். அத்தனை நாளும் ஃபார்மலின்லதான் ஊறிக்கினு இருந்திருக்கும். நானே அந்தக் கூட்டத்துல ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன், எனக்கு இது தோணலையே."

"அப்படிச் சொல்லு. அதிகமா ஊறினா சதை இறுகிடும். புரதம் உள்ளதான் இருக்கும், ஆன்டிபாடியால கிட்டப் போய்த் தொட முடியாது. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுத் தூங்குறவங்களை வெளியில இருந்து ஒரு தட்டு தட்டிட்டு, வீட்டுல ஆள் இல்லைன்னு திரும்பி வந்துட்டோம்."

ஜெபசெல்வி கையைப் பிசைந்தாள்.

"என்ன?"

"அவங்க வீட்டுல சொல்லிட்டேன் டாக்டர். நீலம்னு."

"ஜெபா!"

"பக்கத்து வீடு. அந்தப் பொண்ணு தினம் சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்து நிக்குது டாக்டர். எதுவும் கேக்காது. பையை மட்டும் வாங்கிக்கும், கூடவே நடக்கும்."

"கையெழுத்துப் போடாத ரிப்போர்ட்டை… சரி, அந்தத் திட்டை அப்புறம் வாங்கிக்கோ. மறக்க மாட்டேன். இப்போ மிச்சச் சதையில இருந்து இன்னும் ஆழமா புதுசாச் சீவு. குக்கரை ஏத்து. வழக்கத்தைவிட அதிகமா வேகட்டும்."

அந்தக் கூடத்தின் மூலையில் சமையலறைக் குக்கர்தான் இருந்தது. சாயம் ஏற்றுவதற்கு முன் கண்ணாடிகளை ஒரு கரைசலில் வைத்து அதில்தான் வேகவைப்பார்கள். இறுகின சதை அப்போதுதான் இளகிக் கொடுக்கும். ஜெபசெல்வி ஒரு தடவைக்கு இரண்டு தடவை மூடியைச் சரிபார்த்தாள். விசில் வந்தபோது பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்து, "என்னக்கா, கடலையா உருளைக்கிழங்கா?" என்று கேட்டாள். ஜெபசெல்விக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒரு வேளைக் குழம்புக்கு இவ்வளவு ஜெபம் பண்ணினது இல்லடி," என்றாள்.

ஆறவைத்தாள். கழுவினாள். குளிர்ப்பெட்டியிலிருந்து அந்தச் சின்ன பாட்டிலை எடுத்துச் சொட்டு விட்டாள். காத்திருந்தாள். மறுபடி கழுவினாள். சாயம் விட்டாள். கடைசியில் கண்ணாடியைத் துடைத்து, தான் பார்க்காமலே கொண்டுபோய் டாக்டர் முன் வைத்தாள்.

"நீ பாக்கலையா?"

"நீங்க பாருங்க டாக்டர். நான் பாத்தது போதும்."

தமிழ்செல்வி குனிந்தாள். ஜெபசெல்வி அவளுடைய தோளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரத்தக்குழாய் பழுப்பு."

"ஸ்தோத்திரம்."

"இரு, இரு. வெள்ளையணு பழுப்பு. நல்லா அழுத்தமா வந்திருக்கு." கண்ணாடி நகர்ந்தது. "இப்போ கட்டி."

"டாக்டர்…"

"மூச்சு விடு. பழுப்பு. எல்லாம் பழுப்பு. ஒண்ணுகூட விடாம. காப்பித்தூளைக் கொட்டின மாதிரி இருக்கு, வந்து பாரேன். இது புத்து இல்ல ஜெபா." பிறகு அவள் குரல் மாறியது. "அட! இது என்ன இது?"

"என்ன டாக்டர்?"

"முன்னாடி சீவினதுல இது வரல. ஆழத்துல இருந்திருக்கு. இந்த ஆளுக்கு என்ன வேலைன்னு தெரியுமா?"

"கோயில்ல மொட்டை அடிக்கிறவரு."

"அதை ஏன்மா பேப்பர்ல யாரும் எழுதல? வெறும் கூலின்னு போட்டிருக்கு. பாரு, சதைக்குள்ள முடி. வெட்டின முடி ஊசி மாதிரி விரல் சந்துல குத்தி உள்ள போயிருக்கு. தண்ணியில ஊறின தோல், சுலபமாப் போகும். உடம்பு அதைச் சுத்தி வளைச்சு சுவர் கட்டியிருக்கு. முடி வெட்டறவங்க கையில இது வர்றதுதான். புத்தகத்துல படிச்சிருக்கேன், இப்பதான் கண்ணால பாக்கறேன்."

ஜெபசெல்வி போனை எடுத்தாள். டாக்டர் அவள் கையைப் பிடித்தாள்.

"நீ இல்ல. நேத்து ஒண்ணு சொல்லிட்டு இன்னிக்கு அதையே மாத்திச் சொன்னா, ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைப்பாங்க. முதல்ல நான் சர்ஜன்கிட்ட பேசறேன். அப்புறம் அவங்ககிட்டயும் நானே பேசறேன்."

●

"ஹலோ, கோதண்டம் வீடா?"

"ஆங், யாருங்க?"

"சென்னையில லேப்ல இருந்து டாக்டர் தமிழ்செல்வி."

"வணக்கம்மா. நாங்க பொட்டி கட்டிட்டோம்மா. ரிப்போர்ட்டு குடுத்தீங்கன்னா எங்க அண்ணன் வண்டி—"

"பெட்டியைப் பிரிச்சுடுங்க."

"இன்னாம்மா?"

"கையை எடுக்க வேண்டாம். புற்றுநோய் இல்ல. முடி குத்தி உள்ள போனதுல வந்த வீக்கம். கட்டியைச் சுத்தம் பண்ணி எடுத்துத் தைச்சா போதும். கை கையாவே இருக்கும். உங்க சர்ஜனுக்கும் சொல்லிட்டேன்."

மறுமுனையில் அதே குரல் தூரத்துக்குப் போனது: "பாவா! பாவா, இங்க வாயேன்! எனுக்குக் காதுல சரியா வுழல, நீ கேளு!"

"யாருங்க?" என்றான் கோதண்டம்.

தமிழ்செல்வி எல்லாவற்றையும் திரும்பச் சொன்னாள்.

"நேத்து நீலம்னாங்களே?"

"நேத்து நாங்க பண்ணின டெஸ்ட் சரியா வரல. சதை ரொம்ப நாள் பாட்டில்ல கிடந்திருக்கு. தப்பு எங்க பக்கம். உங்க கை மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்ப முயலு?"

"முயல் சரியாத்தான் சொல்லுது. நாங்கதான் அதை உள்ள விடாம கதவைச் சாத்தி வெச்சிருந்தோம்."

போன் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. யாரும் அதை அணைக்கவில்லை. ஒரு பெண் அழுவதும், ஓர் ஆண் "ஏய், ஏய், கட்டு மேல வுழாதே, வலிக்குதுடி," என்பதும், இரண்டு பேரும் சிரிப்பதும் சென்னையில் தமிழ்செல்வியின் காதில் விழுந்துகொண்டே இருந்தன. வைத்துவிட வேண்டும் என்று தோன்றியும் அவள் வைக்கவில்லை.

●

தையல் பிரித்து, தழும்பு காய்ந்தபிறகு ஒரு நாள் இருவரும் ஜெபசெல்வியோடு அதே காலை ரயிலில் சென்னைக்கு வந்தார்கள். பிரபாவதி பட்டுச்சேலை கட்டியிருந்தாள். டெக்னீஷியன்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அந்தக் கூடத்துக்கு உள்ளே நோயாளி என்று ஒருவர் நடந்து வந்ததை அவர்கள் பார்த்ததில்லை.

"இது மலைப் பிரசாதம்மா," என்று பிரபாவதி ஒரு பையை டாக்டரிடம் கொடுத்தாள். இன்னொன்றை ஜெபசெல்வி பக்கம் நீட்டினாள். "அக்கா, உங்களுக்கு இது. சாமிக்குப் படைக்காத, மலைக்கே போகாத பழம். கடையில இருந்து நேரா வந்துகீது. பயப்படாம சாப்டுங்க."

"பக்கத்து வீட்டுல இருந்துகினு இதை ரயில்ல தூக்கிக்கினு வந்து குடுக்கணுமா?"

"வூட்ல குடுத்தா பழம். இங்க குடுத்தாதான் மரியாதை."

ஜெபசெல்வி பையை வாங்கிக்கொண்டாள். "நான்தான் உன்னை அழ வெச்சவ, பிரபா."

"நீங்க சொல்லலைன்னா இவுரு வெட்டிக்கிறேன்னு என் வாழ்நாள்ல சொல்லியிருக்க மாட்டாரு. என் பேச்சைக் கேட்டது கல்யாணம் ஆனதுல இருந்து அந்த ஒரு நாள்தான். அதுக்கே உங்களுக்கு இன்னொரு சீப்பு பழம் தரணும்."

கோதண்டம் வலது கையை டாக்டர் முன் நீட்டினான். ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான், மூடிக் காட்டினான். விரல் சந்தில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு. தமிழ்செல்வி அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தாள். சதையாகவும் செல்லாகவும் அவள் எத்தனையோ கையைப் பார்த்தவள். சூடாக, வியர்த்து, விரல் ஆடுகிற கை அவள் மேசைக்கு வருவது இதுதான் முதல் தடவை.

"வேலைக்குப் போயாச்சா?"

"போன வாரம் போனேன்மா. மொத தலை ஒரு பொண்கொழந்தை. ஆம்பூர்ல இருந்து வந்தவங்க. அம்மா அழுதுது, கொழந்தை அழுதுது. நானும் அழுதேன். அந்த அப்பா பயந்துட்டாரு, யோவ், நீ இன்னாத்துக்குய்யா அழுவுற, கத்தியை ஒழுங்கா புடின்னாரு."

"கையுறை போட்டுக்கச் சொன்னேனே?"

"போட்டுக்கினேன்மா. மொத ரெண்டு நாள் யாரோ தலையை யாரோ தடவுற மாதிரி இருந்துது. இப்ப பழகிப் போச்சு."

"அந்த முயலு எங்க கீதும்மா?" என்றாள் பிரபாவதி.

"எங்கயோ வெளிநாட்டுல. பாட்டில் மட்டும்தான் நமக்கு வரும்."

"உசுரோட கீதா?"

"அது எனக்குத் தெரியலையேம்மா."

"பாவம். மனுஷனோடதைக் குத்திக்கினு, மனுஷனுக்கே குடுத்துட்டுப் போயிருக்குது. இவுரு இனிமே முயல் கறி தொட மாட்டேன்னுட்டாரு."

"அதுக்கு முன்னாடி தினம் சாப்பிட்டாரா?"

"மூணு வருஷத்துக்கு ஒருக்கா கெடைக்கும். ஆனாலும் வுட்டது வுட்டதுதானேம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். தமிழ்செல்வி எழுந்து, அலமாரித் தட்டிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டைத் தேடி எடுத்தாள். "உங்க கையைப் பாக்கறீங்களா?" என்று கோதண்டத்தைத் தன் நாற்காலியிலேயே உட்காரவைத்தாள். அவன் கூச்சப்பட்டு நுனியில் உட்கார்ந்தான். ஒரு கண்ணை மூடினான், திறந்தான், இரண்டையும் வைத்துப் பார்த்தான்.

"ஒரே காப்பிக் கலரா கீது."

"அந்த ஒவ்வொரு புள்ளியும் முயல் கொடுத்த சொட்டு ஒட்டின இடம். எல்லாம் உங்க செல்லு. எல்லாத்துலயும் புரதம் இருக்கு."

"இத்தினியா?"

"இத்தனையும். நடுவுல வட்டமா, மஞ்சளா, கண்ணாடி மாதிரி ஒண்ணு மின்னுதே, தெரியுதா?"

"தெரியுது."

"அதுதான் முடி. குறுக்கால வெட்டினதால வட்டமாத் தெரியுது. இப்ப இந்தக் கண்ணாடியில மட்டும்தான் இருக்கு."

கோதண்டம் கண்ணை எடுக்கவில்லை. பிரபாவதி அவன் முதுகைச் சீண்டினாள். "நவுரு பாவா, நானும் பாக்குறேன்."

"இரு."

"இன்னாதான் தெரியுது, இம்மா நேரம்?"

"இருன்றேன் இல்ல." அவன் குனிந்தபடியே கேட்டான். "இது யாரு முடின்னு சொல்ல முடியுமா டாக்டரம்மா?"

"முடியாது. உங்களுது இல்ல. அந்த இடத்துல முடி முளைக்காது. எத்தனையோ தலை பாத்திருப்பீங்க, அதுல யாரோ ஒருத்தர்."

"கொழந்தையா, பெரியவங்களா?"

"அதுவும் தெரியாதுங்க."

அவன் எழுந்தான். நாற்காலியைப் பழைய இடத்தில் சரியாக வைத்தான். பிரபாவதி பாய்ந்து வந்து உட்கார்ந்து, "எங்க, எங்க?" என்று மைக்ராஸ்கோப்பைக் கட்டிக்கொண்டாள். அவன் டாக்டருக்கு எதிரில் நின்று, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான். சேர்ந்த கையைப் பிரிக்காமலே பேசினான்.

"உங்களுக்கு நான் இன்னா செஞ்சாலும் ஆவாதும்மா, இதுல மேற்கொண்டு கேக்கக் கூடாதுதான். ஆனா அது யாரோ சாமிக்குன்னு வேண்டிக்கினு குடுத்த முடி, என் கையில தங்கிப் போச்சு. அந்தக் கண்ணாடியை எங்கிட்ட குடுத்தீங்கன்னா, எடுத்துக்கினு போயி மலையில சேத்துடறேன்."